எட்னா லூயிஸின் ஆகஸ்ட் ஞாயிறு

அன்புள்ள தோழி,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வர்ஜீனியாவில் குடியேறிவிட்டாள் என்பதில் மிகவும் மகிழ்ச்சி. அமெரிக்கத் தென்பகுதிச் சமையலை அவள் யாரிடமிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தாய். அந்த மண்ணிலேயே பிறந்த சமையல் கலைஞர் எட்னா லூயிஸிடமிருந்துதான்.

1916 ஏப்ரல் 13 அன்று ஆரஞ்ச் மாவட்டத்தின் ஃப்ரீடவுன் என்ற சிற்றூரில் பிறந்தார். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் சேர்ந்து உருவாக்கிய ஊர் அது. அவர்களில் எட்னாவின் தாத்தாவும் ஒருவர். விவசாயக் குடும்பம். சமையல் விறகடுப்பில். அளவுக்கரண்டிக்குப் பதில் நாணயங்கள்: சோடாவையும் உப்பையும் ஒரு காசின் மேல் குவித்து அளப்பார்கள். கேக் வெந்துவிட்டதா என்பதைக் காதால் அறிவார்கள். உள்ளே ஈரம் இருக்கும்வரை அது மெல்லச் சீறிக்கொண்டே இருக்கும்; சத்தம் அடங்கும்போது இறக்க வேண்டும்.

ஆண்டின் பெருநாள் ஆகஸ்ட் மாதத்து இரண்டாம் ஞாயிறு. அன்று அவர்களுடைய பாப்டிஸ்ட் தேவாலயத்தில் இறைநம்பிக்கையைப் புதுப்பிக்கும் எழுப்புதல் கூட்டங்கள் தொடங்கும். நகரங்களுக்குப் போன உறவினர்கள் திரும்பி வருவார்கள். ஆராதனைக்குப் பின் மர நிழலில் நீண்ட மேசைகள். டிசம்பரில் பன்றி அடித்து உப்பிட்டுப் பதப்படுத்திய ஹாம், பொரித்த கோழி, சோளப் புட்டிங், சர்க்கரைவள்ளி பை, கேரமல் கேக் எல்லாம் வீடுகளிலிருந்து வரும். அந்த விருந்தின் வேலை எட்டு மாதம் முன்பே குளிர்காலத்தில் தொடங்கிவிட்டது என்பதைக் கவனி. வெயிலில் பன்றி அடித்தால் உப்பு உள்ளே இறங்குமுன் கறி கெட்டுவிடும்.

இனி மகளுக்கான பாடம். முதலில் பேக்கிங் பவுடர். கால் கப் க்ரீம் ஆஃப் டார்டார் (திராட்சை ரசம் தயாரிக்கும்போது கிடைக்கும் புளிப்புப் பொடி), அதில் பாதியளவு, அதாவது இரண்டு மேசைக்கரண்டி, சமையல் சோடா. இரண்டையும் சேர்த்து மூன்று முறை சலித்து, இறுக மூடிய புட்டியில் வைக்க வேண்டும். கடைச்சரக்கு பலவற்றில் அலுமினிய உப்பு உண்டு; அதன் உலோகச் சுவை எட்னாவுக்குப் பிடிக்காது. ஆனால் வீட்டுப் பவுடர் ஈரம் பட்டவுடனே வேலையைத் தொடங்கிவிடும், சூட்டுக்காகக் காத்திருக்காது. மாவைப் பிசைந்துவிட்டு அரட்டையில் இறங்கினால் பிஸ்கட் தட்டையாகிவிடும். (அங்கே பிஸ்கட் என்பது சூடாகத் தின்னும் மிருதுவான உப்பு ரொட்டி.) அடுப்பை 260 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றிவிட்டுத்தான் மாவில் மோர் ஊற்ற வேண்டும். அந்த ஊர் மோர் நம்முடையதைவிடக் கெட்டி. வெட்டும்போது அச்சைத் திருகாமல் நேராக அழுத்தி எடுக்கச் சொல். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு மேலெழும்பாது.

கோழிக்குப் பொறுமை வேண்டும். இரண்டு லிட்டர் தண்ணீரில் அரைக் கப் கல்லுப்பு கரைத்து, துண்டுகளை ஓர் இரவு குளிர்பெட்டியில் ஊறவிட வேண்டும். மறுநாள் வடித்து, அதே அளவு நேரம் மோரில் ஊறவிட வேண்டும். பிறகு மாவில் புரட்டி, பன்றிக் கொழுப்பும் வெண்ணெயும் சேர்த்து உருக்கியதில் பொரிப்பது. அந்தக் கொழுப்பிலேயே முதலில் ஹாம் துண்டைக் காய்ச்சி எடுத்துவிடுவார், மணம் இறங்குவதற்காக. சூடு 168 டிகிரி அளவில் நிற்க வேண்டும். அவசரப்பட்டுச் சட்டியை நிறைத்தால் சூடு விழும், மேல்தோல் எண்ணெய் குடிக்கும். பெரும்பாலோர் தோற்கும் இடம் இதுதான் என்பது என் கருத்து.

பதின்ம வயதிலேயே ஊரைவிட்டுப் போனார். நியூயார்க்கில் தையல் வேலை. 1940களின் இறுதியில் அங்கே கஃபே நிக்கல்சன் என்ற உணவகத்தில் சமையல் பொறுப்பு. ஃபாக்னர், ட்ரூமன் கபோட் போன்ற எழுத்தாளர்கள் அங்கே சாப்பிட்டார்கள். ஃப்ரீடவுன் சமையலைப் பருவம் பருவமாக எழுதிய புத்தகம் 1976இல் வந்தது. எழுபது வயதைத் தாண்டியும் புரூக்ளினின் கேஜ் அண்ட் டோல்னர் உணவகத்தில் தலைமைச் சமையலராக நின்றார். 2006 பிப்ரவரி 13 அன்று ஜார்ஜியாவின் டிகேட்டரில் காலமானார். 2014இல் அமெரிக்க அஞ்சல் துறை அவர் முகத்தைத் தபால்தலையில் பதித்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, எழுதிவைக்க ஆளில்லாத ஓர் ஊரின் கைப்பக்குவத்தைக் கரண்டிக் கணக்கோடு அவர் நமக்கு விட்டுச் சென்றதுதான்.

மகளிடம் முதலில் பிஸ்கட்டைச் செய்துபார்க்கச் சொல், கோழி அப்புறம். மாவு சரியாக எழும்பாவிட்டால் எந்தப் படியில் எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து அனுப்பட்டும், பார்த்துச் சொல்கிறேன். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? அதையும் எழுது.

அன்புடன்,
உன் தோழி