உசிலம்பட்டி யெஸ்டி

மாப்ள,

போனில் சொன்னால் பாதியிலேயே திட்டிவிட்டு வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். உசிலம்பட்டி தாண்டி ஒரு தோட்டத்து வீட்டில் கோழிகள் அடைகிற சாய்ப்புக்குள் பழைய யெஸ்டி ரோடுகிங் பைக் ஒன்று கிடந்தது, 28,000-க்குப் பேசி 5,000 அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். டேங்க் உள்ளே முழுக்கத் துரு, சீட்டில் ஸ்பிரிங் மட்டும்தான் மிச்சம், கிக்கர் இறங்கவே இல்லை. நம்ம சிம்மக்கல் மெக்கானிக் அண்ணனிடம் போட்டோ காட்டினேன், "எடைக்குப் போட்டா எவ்வளவு வரும்னு கேட்டியா" என்றார்.

கிக்கர் இறங்காததைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சைலன்ஸரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன், பிஸ்டன் பக்கவாட்டில் கீறல் எதுவும் தெரியவில்லை. ஓடும்போது சீஸ் ஆன, அதாவது பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொண்ட வண்டி என்றால் கோடு கோடாக இழுத்திருக்கும். இது சும்மா நின்று ரிங் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது மாதிரிதான் இருக்கிறது. பிளக் ஓட்டையில் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டு, கியரில் போட்டுப் பின் சக்கரத்தை மெதுவாக ஆட்டினால் விட்டுவிடும் (கிக்கர் மேல் ஏறிக் குதிக்கக் கூடாது, அந்த வண்டியில் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றேதான் என்பது உனக்குத் தெரியும்). எப்படியும் சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு) ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்ற வேண்டிவரும், அதற்கு லேத் இருக்கிறது. கிராங்க் ஆயில் சீல் மட்டும் பார்க்காமலேயே மாற்றிவிட வேண்டும். கிளட்ச் பக்கம் சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து வெள்ளையாகப் புகை தள்ளும், ஊரே திட்டும், அவ்வளவுதான். இன்னொரு பக்கம் போனால் காற்று உள்ளே போய், கலவை லீனாகி (பெட்ரோல் குறைந்து), புதுப் பிஸ்டனும் பிடித்துக்கொள்ளும்.

என்னை யோசிக்க வைப்பது பேப்பர். ஆர்சி அந்த வீட்டுப் பெரியவர் பேரில் இருக்கிறது, அவர் இப்போது இல்லை. மகன் "கையெழுத்து போட்டுத் தாரேண்ணே" என்கிறார், ஆனால் அது செல்லாது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் வைத்து ஃபார்ம் 31-இல் முதலில் அவர் பேருக்கு மாற வேண்டும், அப்புறம்தான் 29-ம் 30-ம் போட்டு என் பேருக்கு. இதற்கு நடுவில் ஆர்சி ரினியூவல் வேறு. 15 வருடம் முடிந்து ஒரு தடவை புதுப்பித்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியதை விட்டுவிட்டார்கள். ஆர்டிஓ இன்ஸ்பெக்டர் முன்னால் வண்டியை ஓட்டிக் காட்டினால்தானே அது நடக்கும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சேஸ் நம்பரைப் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தேன், எஞ்சின் நம்பரையும் பார்த்தேன், இரண்டும் ஆர்சியோடு சரியாக இருக்கின்றன. அதைப் பார்த்த பிறகுதான் அட்வான்ஸையே எடுத்தேன். மீதிப் பணம் மகன் பேருக்கு ஆர்சி வந்த அன்றைக்குத்தான் என்று எழுதி வாங்கியாச்சு.

யமஹா ஆர்எக்ஸ் 100 எடுத்திருக்கலாமே என்பாய். அதற்கு இப்போது சொல்கிற விலையைக் கேட்டுப் பார், அதிலும் நம்பரை அடித்து மாற்றினது எது, ஒரிஜினல் எது என்று கண்டுபிடிப்பதற்குள் தலை நரைத்துவிடும். யெஸ்டிக்கு அந்த மவுசு இன்னும் வரவில்லை. மைசூர்க் கம்பெனி 1996-லேயே மூடியாச்சு, 2022-இல் அதே பேரில் திரும்ப வந்தது ஃபோர் ஸ்ட்ரோக், அதன் சாமான் எதுவும் இதில் சேராது. கேபிள், லீவர், ஸ்போக்ஸ் மாதிரிச் சில்லறைகளைத் திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தேற்றிக்கொள்வேன்.

கிராங்க் வேலைக்குத்தான் நீ வேண்டும். கிராங்க்கைப் பிரித்து, கனெக்டிங் ராடு மாற்றி, பிரஸ் போட்டு அலைன்மென்ட் பார்க்கிற கை கோயம்புத்தூரில் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துச் சொல். இங்கே சுத்தியலை எடுத்துவிடுகிறார்கள், பயமாக இருக்கிறது. பாப்பாவுக்குப் பிளஸ் டூ முடிந்ததா, என்ன சேர்க்கப் போகிறாய்? தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். சித்திரைத் திருவிழாவுக்கு வருவதாக இருந்தால் காரில் வா, கிராங்க்கைத் திரும்பும்போது டிக்கியில் போட்டுவிடுகிறேன்.