மூட்டைப்பூச்சிக்கு மாத்திரை வேண்டாம், வளவு முழுக்க மருந்தடியுங்கள்

ஐயா,

மதுரையில் செல்லூர், ஆரப்பாளையம் பக்கம் வளவு வீடுகளில், அதாவது ஒரே வாசலுக்குள் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில், குடியிருப்பவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே புரியும். ஒரு வீட்டில் மூட்டைப்பூச்சி வந்துவிட்டால் ஓனர் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும், அதுவும் குறைந்த காசுக்கு யார் வருகிறார்களோ அவரை வைத்து மருந்தடித்துவிட்டுப் போய்விடுகிறார். சுவர் பொது, ஒயர் போகிற பைப்பும் பொது. பூச்சி பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு அப்புறம் திரும்பி வருகிறது, எங்கள் வளவில் இதுதான் நடக்கிறது.

தெளிக்கிற மருந்து பெரும்பாலும் முட்டையைக் கொல்லாது. ஒரு வாரம், பத்து நாளில் அது பொரித்துவிடும் என்பதால் இரண்டு வாரம் கழித்து மறுபடி அடித்தே ஆகவேண்டும். கட்டில் சட்டம் சேரும் மூலை, மெத்தைத் தையல், காலண்டர் மாட்டிய ஆணி ஓட்டை, இங்கெல்லாம்தான் மிளகுத்தூள் சிந்தினமாதிரி கறுப்புப் புள்ளிகள் இருக்கும், அதை விட்டுவிட்டுத் தரையை நனைத்து என்ன பயன்? துணிமணியை வெந்நீரில் ஊறவைக்கலாம், 50 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் முட்டையோடு சாகும். மொட்டைமாடி வெயிலில் மெத்தையைப் போட்டால் போதும் என்கிறார்கள், நம்பாதீர்கள், பஞ்சுக்குள்ளே அந்தச் சூடு இறங்காது.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் தருவது நெல் மூட்டைக்கு வைக்கிற மாத்திரை. "ராத்திரி ஒண்ணு வச்சுப் பூட்டிட்டுப் போங்க, காலைல சுத்தம்" என்று யோசனை சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலுள்ள ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற விஷவாயு கிளம்பும், உடம்பில் ஏறிவிட்டால் முறிமருந்து கிடையாது. நீங்கள் பூட்டிவிட்டு வெளியூர் போகலாம், சுவர் விரிசலுக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை படுத்திருக்கும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலிக்காக வீட்டில் வைத்த மருந்தின் நெடியில் இரண்டு பிஞ்சுகள் இறந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா?

காசு வாங்கிக்கொண்டு மருந்தடிப்பவருக்குப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் இருக்க வேண்டும். குடியிருப்பவர்கள் கூச்சப்படாமல் அதைக் காட்டச் சொல்லுங்கள், என்ன மருந்து, எத்தனை மணி நேரம் வெளியே இருக்கவேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ஓனர்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடிப்பதாக இருந்தால் எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில், இரண்டு தடவையாக அடியுங்கள், அந்தச் செலவை எங்கள் அட்வான்ஸில் பிடிக்காதீர்கள்.

இப்படிக்கு,
வாடகைதாரர் ஒருவர்,
செல்லூர், மதுரை.