கூட்டுத் தாழ்ப்பாள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். பணம் வந்தது, அம்மா ஹட்டன் டவுனுக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்தாள். இந்தக் கடிதத்தைப் போர்டிங் விலாசத்துக்கு அனுப்பலாமா கூடாதா என்று தெரியாததால் கடை விலாசத்துக்கே போடுகிறேன், கையில் கிடைத்தால் சரி. எங்கே இருந்தாலும் ராத்திரி படுக்கும்போது உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்.

பொங்கலுக்கு உனக்கு லீவு கிடைத்திருக்காது. அதைப் பற்றிக் கேட்க நான் எழுதவில்லை. கோழி விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மழை விட்டுவிட்டது. காலையில் பனி மூடினாலும் எட்டு மணிக்கெல்லாம் கூட்டு வாசலில் வெயில் விழுகிறது. மார்கழி முழுக்க ஒரு முட்டை இல்லை, இப்போது பெட்டைகளுக்குக் கொண்டை சிவந்து வருகிறது, நான்கு பெட்டை இடத் தொடங்கிவிட்டன. இந்த முறை மாசி நடுவில் அடை வைக்கப்போகிறேன். 21 நாள் கணக்கில் பங்குனி முதல் வாரத்தில் குஞ்சு வெளியே வரும், வைகாசியில் பெரிய மழை பிடிப்பதற்குள் இரண்டு மாதம் முடிந்து மேலெல்லாம் இறகு மூடியிருக்கும். போன வருசம் பிந்தி வைத்துவிட்டு மழையில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டது உனக்குத் தெரியும். அப்பாயி இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பாள்.

சேவலை மாற்றிவிட்டேன். கிழட்டுச் சேவலுக்கு வயது ஐந்து, இப்போதுள்ள பெட்டைகளில் பாதி அதன் பிள்ளைகள்தான், அதனால்தான் முட்டைக்குள்ளேயே குஞ்சு செத்துப்போனது. பொகவந்தலாவ மாமாவிடம் கொடுத்துவிட்டு அங்கிருந்து ஒரு செவலைச் சேவல் கொண்டுவந்தேன், பஸ்ஸில் சாக்குக்குள் இருந்துகொண்டு டிக்கோயா வரைக்கும் கூவிக்கொண்டே வந்தது. வெளியிலிருந்து வந்ததை உடனே மற்றக் கோழிகளோடு விடக் கூடாது என்பதால் மூன்று வாரம் விறகுக் கொட்டகையில் தனியாகக் கட்டி வைத்தேன். அதற்குள் பெட்டைகளின் வயிற்றில் இருந்த பழைய சேவலின் கருவும் தீர்ந்துவிடும். ஒன்பது பெட்டைக்கு ஒரு சேவல் போதும். இரண்டு விட்டால் சண்டை போட்டுப் பெட்டைகளின் முதுகைக் கிழிக்கும்.

வெள்ளைக் கழிச்சல் ஊசியும் போட்டாகிவிட்டது. மருந்துப் போத்தல் நூறு கோழிக்குத்தான் வருகிறது, ஐஸில் வைத்துக் கொண்டுவந்து கரைத்ததும் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், அதனால் மேல் லயத்து வீடுகளின் கோழிகளையும் சேர்த்துப் பிடித்தோம். அன்றைக்குத் தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் பாதிப் பேருக்குக் கையில் கீறல். பூச்சி மருந்தும் கொடுத்தேன். கூட்டைப் பிரித்துச் சுண்ணாம்பு அடித்து, பழைய பலகை இடுக்கில் இருந்த செள்ளை எல்லாம் கொதிநீர் ஊற்றி எடுத்து, காய்ந்த மாணாப்புல் பரப்பியிருக்கிறேன். மண் குளிக்க அடுப்புச் சாம்பல் கலந்து ஒரு குழி. தீனிக்குச் சோளமும் தேங்காய்ப் புண்ணாக்கும், நெத்தலித் தலையை இடித்துக் கொஞ்சம், முட்டை ஓட்டை வறுத்துத் தூளாக்கிக் கொஞ்சம். சோளத்தை மட்டும் அள்ளிப் போட்டால் கொழுத்துப்போய் முட்டை இடாது. நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிடு, கடைச் சோற்றை மட்டும் நம்பி இருக்காதே.

போர்டிங் மாறிவிட்டாய் என்று பெரியம்மா மகன் சொன்னான். அவனிடம் சொல்ல நேரம் இருந்திருக்கிறது. சரி, அதை விடு. தனி அறையா, வாசல் ரோட்டுப் பக்கமா, கதவு பலகையா தகரமா என்று மட்டும் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல். நம் லயத்தில் ஏ.எல். பரீட்சை முடித்த முதல் பெண்பிள்ளை நீ, புத்தி சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்.

முட்டை எடுத்து வைப்பதெல்லாம் உன் சிவப்பு அட்டைக் கொப்பியைப் பார்த்துத்தான் செய்கிறேன். அரிசிப் பெட்டிக்குக் கீழே இருந்தது. கூர் முனை கீழே இருக்கட்டும், தினம் ஒரு முறை சாய்த்துத் திருப்பு, ஏழு நாளைக்கு மேல் பழசானதை வைக்காதே, கழுவாதே, ரொம்பப் பெரியதும் வேண்டாம் சின்னதும் வேண்டாம், பென்சிலால் தேதி போடு. ஏழாம் நாள் ராத்திரி டோர்ச் அடித்துப் பார்த்தால் சிலந்திக் கால் மாதிரி நரம்பு தெரியும், தெரியாதது கூமுட்டை. 18ஆம் நாளுக்குப் பிறகு தொடாதே. பதினாறு வயசுப் பிள்ளை இவ்வளவு அழகாக எழுதி வைத்திருக்கிறதே என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக வாசித்தேன். கடைசிப் பக்கத்தில் பதினாலு கோழியின் பெயரையும் எழுதி, கீழே "நான்தான் தாழ்ப்பாள் போட மறந்தேன்" என்று இரண்டு கோடு போட்டிருக்கிறாய்.

நீ மறக்கவில்லை, பாப்பா.

2011ஆம் வருசம், நீ ஓ.எல். பரீட்சை எழுத இருந்த நேரம். தீபாவளி அட்வான்ஸை நான் தவறணையில் குடித்தே முடித்துவிட்டேன், உன் அம்மாவுக்குத் தெரியாது. கடைக்காரன் வாசலுக்கு வந்துவிடுவான் என்ற பயம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பதினாலையும் இரண்டு சாக்கில் கட்டி, லொறியில் வந்த ஒரு ஆளுக்கு ஆறாயிரத்து ஐநூறு ரூபாய்க்குக் கொடுத்தேன். நீ போட்டிருந்த தாழ்ப்பாளை நான்தான் திறந்தேன். திரும்பி வந்து கொஞ்சம் இறகைக் கூட்டு வாசலில் இறைத்துவிட்டு, காட்டுப்பூனை வந்திருக்கிறது, யார் தாழ்ப்பாள் போடாமல் விட்டது என்று உன்னைப் பார்த்துக் கத்தினேன். டியூஷன் காசுக்காக நீ வளர்த்த கோழி. நீ அழுதுகொண்டே அந்த இறகைப் பொறுக்கிக்கொண்டிருந்தாய், நான் வேலைக்குப் பெயர் பதிகிற பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நீ கோழி வளர்க்கவே இல்லை. குடியை நான் விட்டு எட்டு வருசமாகிறது, அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன், இதை மட்டும் சொல்லவில்லை. இந்தத் தீபாவளிக்கு வந்திருந்தபோது ராத்திரியில் நீ மூன்று முறை எழுந்து வாசல் இஸ்தோப்புக் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுத்தாய். நான் தூங்கவில்லை. கடையில் உன்னை மேல் வேலைக்கு உயர்த்துகிறேன் என்று முதலாளி சொன்னபோது, "என்னை நம்பி அவ்வளவு பொறுப்பைக் கொடுக்க முடியாது" என்று சொல்லி நீயே வேண்டாமென்றாய் என்று அம்மா சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னிடம் ஒரு பிழையும் இருக்கவில்லை. நீ ஒரு நாளும் எதையும் திறந்துபோட்டுவிட்டுப் போன பிள்ளை இல்லை.

அம்மாவிடம் நேற்றுச் சொன்னேன். கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் போய் விளக்கை அணைத்துவிட்டாள். இன்றைக்குக் காலையில் தேத்தண்ணியைத் திண்ணையில் வைத்துவிட்டு மலைக்குப் போய்விட்டாள். நீயும் பேசாமல் இருந்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இந்த வருசம் ஒன்பது பெட்டையில் கறுப்பிதான் முதலில் அடைக்கு உட்காரும் போலிருக்கிறது, சீறத் தொடங்கிவிட்டாள். பதினொரு முட்டை வைக்கலாம் என்று இருக்கிறேன், அவள் உடம்புக்கு அதற்கு மேல் அணைக்க முடியாது. குஞ்சு விற்கிற காசை உன் பழைய பேங்க் புத்தகத்தில் போடுகிறேன், புத்தகம் பத்திரமாக இருக்கிறது. இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம், அறை வாடகைக்கு வைத்துக்கொள்.

திட்ட வேண்டும் என்றால் திட்டு. ராத்திரி ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் போனை எடுத்துக்கொண்டு பீலிக்கரை வளைவில் நிற்கிறேன், அங்கேதான் சிக்னல் கிடைக்கிறது.

அப்பா