செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நம் உழைப்பில் பெரும்பகுதியை இவ்வாண்டு சானாரப்பன் மலை எடுத்துக்கொண்டதால், அதைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டம் தொகரப்பள்ளி அருகே மயிலாடும்பாறையில் உள்ள இந்த மலைமேல், கல்லைத் தேய்த்துக் கருவி செய்த புதிய கற்காலத்திலேயே மக்கள் குடியிருந்தார்கள். மலையைச் சுற்றிக் கல்வட்டங்கள், அதாவது இறந்தவர்களைப் புதைத்த இடத்தைச் சுற்றி வட்டமாகக் கல் நட்ட பழைய ஈமச்சின்னங்கள், இருக்கின்றன. குகைகளில் பாறை ஓவியங்களும் உண்டு. 2003-இல் பேராசிரியர் கா. ராஜன் இங்கு அகழாய்வு செய்தார். 2021-இல் மாநிலத் தொல்லியல் துறை மீண்டும் தோண்டியபோது ஈமக்குழி ஒன்றில் இரும்பு வாள் கிடைத்தது. 104, 130 சென்டிமீட்டர் ஆழங்களில் எடுத்த மாதிரிகளின் காலம் கி.மு. 1615, கி.மு. 2172 என்று காலக்கணிப்பில் வந்தது. தமிழ்நாட்டில் இரும்பின் பயன்பாடு நாலாயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையானது என்பதற்கு அதுவே சான்றானது. 2022 மே 9 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அதை அறிவித்த நாளில் நம்மில் பலர் கண்கலங்கியது நினைவிருக்கும்.

2025 ஜனவரி 23 அன்று தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 என்று அறிவிக்கப்பட்டபோது, நம் மலை பின்னுக்குப் போய்விட்டதே என்று உறுப்பினர்கள் சிலர் வருந்தினர். எனக்கு அந்த வருத்தம் இல்லை. கல்லைத் தேய்த்துக் கோடாரி செய்தவர்களும் இரும்பை ஆண்டவர்களும் அடுத்தடுத்து வாழ்ந்த சுவட்டை ஒரே ஊரில் நடந்து பார்க்க முடிகிறது. மயிலாடும்பாறைக்கு அந்தப் பெருமை போதும்.

பள்ளி மாணவர்களை மலைக்கு அழைத்துச் சென்றோம். பாறையில் கற்கோடாரி தீட்டிய வழுவழுப்பான பள்ளத்தில் ஒரு சிறுமி உள்ளங்கையை வைத்து, நெடுநேரம் எடுக்கவே இல்லை. ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், தம் பாட்டி இவற்றைப் பாண்டவர் மாவரைத்த குழிகள் என்று சொன்னதாகக் கூறினார். அந்தக் கதையையும் ஊர்ப்பெயர்களோடு சேர்த்து எழுதி வைத்துள்ளோம்.

நம் மாவட்டத்து மல்லசந்திரத்துக்கும் போனோம். அங்கே மலைமேல் நிற்கும் கல்திட்டைகளின் (பலகைக் கற்களால் அறைபோல் எழுப்பிய ஈமச்சின்னங்கள்) இடுதுளைகளை, அதாவது பக்கப் பலகையில் குடைந்த வட்டத் துளைகளை, மாணவர்கள் அளந்து வரைந்தார்கள்.

திரும்பும் வழியில் கண்டது வேதனையானது. ஒரு கல்வட்டத்தின் நடுவே புதையல் தேடி ஆளுயரத்துக்குத் தோண்டியிருந்தார்கள். வட்டத்துக் கற்களில் பாதி வரப்புக்குப் போய்விட்டன. தோண்டியவருக்கு அங்கே கிடைத்திருக்கக்கூடியது கருப்பு சிவப்புப் பானை ஓடுகள்தாம். அடுக்கு கலைந்த மண்ணிலிருந்து இனி எவராலும் காலத்தைக் கணிக்க முடியாது. உரிய அலுவலகத்தில் இரண்டு முறை மனு கொடுத்தோம். இன்றுவரை பதில் இல்லை. மூன்றாவது மனுவைப் புகைப்படங்களோடு அணியமாக்கியுள்ளேன். கூட்டம் முடிந்ததும் அனைவரும் கையெழுத்திட வேண்டும்.

நில உரிமையாளர்களை வீடு வீடாகச் சந்தித்ததில் நால்வர் தம் நிலத்துக் கல்வட்டங்களை ஏர் படாமல் விட இசைந்தனர். அவர்களுக்கு நம் நன்றி. மலைப்பாதையில் வைக்கவிருக்கும் தகவல் பலகைக்கான வாசகத்தை இத்துடன் இணைத்துள்ளேன். அதற்கு இன்றே ஒப்புதல் அளிக்க வேண்டுகிறேன்.

இவண்,
செயலாளர்