கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். நம் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவியைப் பற்றி, அவளுடைய பெற்றோரின் இசைவோடு எழுதுகிறேன். இரண்டு ஆண்டுகளாகக் காலை வணக்கக் கூட்டத்தில் வரிசையின் முதல் ஆளாகவே அவள் நின்றாள், உயரம் கூடவில்லை. அடிக்கடி வயிற்றுவலி. இரும்புச்சத்து மருந்து குடித்தும் ரத்தசோகை தீரவில்லை. நானும் “நன்றாகச் சாப்பிடம்மா” என்று மட்டுமே சொல்லிவந்தேன். அது இப்போதும் என் மனத்தை உறுத்துகிறது. சென்ற மாதம்தான் அவளுக்குச் சீலியாக் நோய் என்று உறுதியானது.

இந்நோய் உள்ளவர்களுக்கு, கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடலின் எதிர்ப்பாற்றல் சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. உண்ட சத்து உடம்பில் ஒட்டுவதில்லை.

“நாம் சோறு சாப்பிடுகிறவர்கள், நமக்கு ஏன் இது வரப்போகிறது?” என்று அவள் தாயார் கேட்டார். அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. இந்தியாவில் 23,331 பெரியவர்களைச் சோதித்து 2016-இல் வெளியான ஆய்வில், வடக்கே 1.23 சதவீதம் பேருக்கும் தெற்கே 0.10 சதவீதம் பேருக்கும் இந்நோய் இருந்தது. ஆனால் இந்நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வடக்கே 38, தெற்கே 36 சதவீதம் பேரிடம் இருந்தது, ஏறத்தாழச் சமம். சாப்பாடுதான் வேறு: வடக்கே ஒருவர் நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை உண்டார், தெற்கே 25 கிராம். டில்லிக்கு வந்து இரண்டு தலைமுறை கடந்த நம் வீடுகளில் காலையில் பிரெட், மதியம் டிபன் டப்பாவில் சப்பாத்தி, இரவிலும் சப்பாத்தி. ஊர்ப் பேச்சை நம்பி நாம் அலட்சியமாக இருக்கக் கூடாது.

பஞ்சாபின் லூதியானா நகரப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் 310 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது. ஆப்பிரிக்காவின் மேற்குச் சகாராவைச் சேர்ந்த சஹ்ராவி மக்களின் பிள்ளைகளிடம் 5.6 சதவீதம். பின்லாந்தில் 107 பிள்ளைகளில் ஒருவருக்கு. எல்லைக்கு அப்பால் ரஷ்யக் கரேலியாவில், அதே மரபணுவும் கோதுமை உணவும் இருந்தும், 496 பேரில் ஒருவருக்குத்தான். ஆகவே மரபணுவும் கோதுமையும் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. வளரும் சூழலுக்கும் பங்குண்டு.

பிள்ளையின் வளர்ச்சி நின்றிருந்தாலோ, வயிற்றுப்போக்கோ ரத்தசோகையோ விடாமல் தொடர்ந்தாலோ குழந்தை மருத்துவரிடம் இதைக் கேளுங்கள். முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை போதும். தயவுசெய்து அதற்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் நோய் இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். நோய் உறுதியானால் உடன்பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டும்.

இதற்கு மருந்து கிடையாது; கோதுமை, பார்லி என்று குளூட்டன் உள்ள எல்லாவற்றையும் வாழ்நாள் முழுவதும் தவிர்ப்பதுதான் வழி. இட்லி, தோசை, கேழ்வரகு, கம்பு, சோளம் என்று நம் சமையலில் குறைவில்லை. ஆனால் ரவையும் சேமியாவும் பெரும்பாலும் கோதுமையே. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும் என்பதால், சாம்பார்கூட ஆகாமல் போகலாம்; பொட்டலத்தைப் படித்துப் பாருங்கள்.

பிறந்தநாளுக்குக் கேக் கொடுத்தனுப்பும் பெற்றோர், கூடவே சில கடலைமிட்டாய்களும் வைத்தால் அந்தப் பிள்ளை ஒதுங்கி நிற்க வேண்டியிராது. அவளுடைய டப்பாவில் மற்றவர்கள் கைவைக்கக் கூடாது என்பதையும் உங்கள் பிள்ளைகளிடம் அன்பாகச் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைக்கும் இந்நோய் இருந்தால் நாட்குறிப்பேட்டில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். மதிய உணவில் மாற்று ஏற்பாடு செய்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியை