பாம்பனில் இருக்கும் மதினிக்கு

அன்புள்ள மதினி,

நேற்று போனில் கேட்டீர்களே, "உங்க அண்ணனுக்கு வெள்ளை அணு லட்சத்தைத் தாண்டிருச்சாம், அப்புறம் ஏன் கிருமி தொத்தும்னு பயமுறுத்துறாங்க?" என்று. நியாயமான கேள்வி. அண்ணனுக்கு வந்திருப்பது ரத்தப் புற்றுநோய். எண்ணிக்கைதான் லட்சம், முக்கால்வாசி முதிராத அணுக்கள், கிருமியோடு சண்டை போடத் தெரியாதவை. எலும்பு மஜ்ஜையில் இடத்தை அடைத்துக்கொண்டு நல்ல அணுக்களையும் வளரவிடாது. புற்றுநோய்க்கான கீமோ மருந்து ஏறினால் இருப்பதும் குறையும். பெரும்பாலும் 7 முதல் 14 நாளுக்குள் அடிமட்டத்துக்கு வந்துவிடும்.

அந்த நாட்களில் அண்ணன் வீட்டில் இருந்தால் தெர்மாமீட்டர் உங்கள் கையிலேயே இருக்கட்டும். 100.4 டிகிரி காட்டினால் நடுராத்திரியானாலும் கிளம்ப வேண்டியதுதான். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள்; அது சூட்டை மறைக்குமே தவிர கிருமியை ஒன்றும் செய்யாது. சிகிச்சை நடக்கும் மதுரை தூரம். டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டு, அவர் சரி என்றால் முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்கே போங்கள். "கீமோ எடுத்தவர், காய்ச்சல்" என்று வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். வரிசையில் உட்கார வைக்க விடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும்.

ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட்டும் குறைவு. மெத்தென்ற பிரஷ், சவரக்கத்திக்கு லீவு. மூட்டு வலி என்று மெடிக்கலில் புரூஃபன் வாங்காதீர்கள், தெரிந்த கம்பவுண்டரிடம் இடுப்பில் ஊசியும் வேண்டாம். மீன் கொடுக்கலாம், நன்றாக வெந்து, சுடச்சுட, முள்ளை நீங்களே எடுத்துவிட்டு. வாய் புண்ணாகி இருக்கும்போது ஒரு சின்ன முள் குத்தினாலும் ரத்தம் லேசில் நிற்காது. பழைய சோறு வேண்டாம். அண்ணன் முறைப்பார், முறைக்கட்டும்.

ராமேஸ்வரத்துத் தீர்த்தத்தை அத்தை பாட்டிலில் கொண்டுவருவார். சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுங்கள். அண்ணன் வாயில் ஊற்றவோ, ஊசிக்குழாய் இருக்கும் கையில் தெளிக்கவோ கூடாது.

ஆள் வரத்துதான் எனக்குப் பெரிய கவலை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் எல்லோரும் கரையில். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகக் கூட்டம் வரும். இருமுகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். கோபித்துக்கொள்வார்கள்தான்; பழியை என் மேல் போடுங்கள், "நாத்தனா நர்ஸு, விடமாட்டேங்குறா" என்று.

ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்பவர்கள் ரத்தம் கொடுக்கட்டும். ஆனால் எல்லோரும் ஒரே வேனில் ஏறி வந்துவிட வேண்டாம். கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த பிளேட்லெட் 5 நாள்தான் தாங்கும். பெயர், ரத்த வகை, போன் நம்பர் எழுதி அனுப்புங்கள், ரத்த வங்கியில் கேட்டு நாள் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்