நாங்கள் விற்றது வெற்றிலைச் சுண்ணாம்பு அல்ல

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பத்து நாளாக வாட்ஸ்அப்பில் சுற்றும் படம் உங்களில் பலருக்கும் வந்திருக்கும். பாலைக் கொட்டியது போல வெளுத்துப்போன ஒரு கடல் மீன் தொட்டி. கீழே, “கும்பகோணத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பைப் பொட்டலம் கட்டி கால்சியம் என்று விற்கிறார்கள்” என்று ஒரு வரி. கடைப் பெயர் போடவில்லை. ஆனால் இந்த ஊரில் கடல் மீன் தொட்டிக்குச் சாமான் விற்பது யார் என்று உங்களுக்குத் தெரியாதா?

தொட்டி வெளுத்தது உண்மை, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் இந்தச் சுண்ணாம்பு விஷயம். கடல் தொட்டியில் நத்தை போன்றவை தின்று குறையும் கால்சியத்தை ஏற்ற நான் விற்கும் பொடி கால்சியம் குளோரைடு.

வெற்றிலைக்குப் பேர்போன ஊரில் பிறந்தவன் நான். சுண்ணாம்பு டப்பியை மூடாமல் வெற்றிலைச் செல்லத்தில் வைத்ததற்காகத் தாத்தாவிடம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. காற்றுப் பட்டால் அது காய்ந்து கல்லாகிவிடும். கால்சியம் குளோரைடு அப்படி இல்லை, காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே நீர்த்துப்போகும். சந்தேகம் இருப்பவர்கள் கடைக்கு வாருங்கள். இரண்டு டம்ளர் ஆர்.ஓ. தண்ணீர் வைக்கிறேன். ஒன்றில் நம் பாக்கெட்டிலிருந்து ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்குங்கள். முழுதும் கரைந்து, டம்ளர் கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும். இன்னொன்றில் பெட்டிக்கடைச் சுண்ணாம்பைப் போடுங்கள். கலங்கி, அடியில் தங்கிவிடும். சண்டை அதோடு தீர்ந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சுண்ணாம்பு என்றால் கேவலமா? ‘கால்க்வாசர்’ என்று ஜெர்மன் பெயரில் வருவதே சுண்ணாம்புத் தண்ணீர்தான். அதையும் வைத்திருக்கிறேன், தனி டப்பாவில், அதன் பெயரிலேயே. அது சுத்தப்படுத்தியது, வெற்றிலைக்குப் போடுவதில் என்னென்ன கலந்திருக்கும் என்று யார் கண்டது? லிட்டருக்கு ஒன்றரை கிராம் கரைத்து, தெளியவைத்து, மேல் தண்ணீரை மட்டும் ராத்திரியில் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். பிஎச் 12-க்கு மேல் இருப்பதால் மடமடவென்று ஊற்றினால் மீன் தாங்காது. இதை வாங்குகிற ஒவ்வொருவரிடமும் வாய் வலிக்கச் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

சரி, தொட்டி ஏன் வெளுத்தது? கால்சியத்தையும், கேஎச் என்னும் கார்பனேட் காரத்தன்மையை ஏற்றும் ஆப்ப சோடாவையும் அந்த அன்பர் ஒரே மக்கில் கரைத்து ஊற்றியிருக்கிறார். இரண்டும் சேர்ந்தால் அங்கேயே கால்சியம் கார்பனேட்டாகி வெள்ளையாய் இறங்கும். சுண்ணாம்புக்கல்லும் அதுதான், நத்தை ஓடும் அதுதான். போதாததற்கு அவர் தொட்டியில் மெக்னீசியம் 1100 பிபிஎம்தான் (ஏறக்குறைய லிட்டருக்கு அத்தனை மில்லிகிராம்) இருந்தது. 1250 முதல் 1350 வரை இருந்தால்தான் இந்த வீழ்படிவை அது தடுத்துப் பிடிக்கும். பிறகு அளந்து பார்த்து, கால்சியமும் கேஎச்சும் சேர்ந்தே இறங்கியிருக்கிறது என்று பயந்து, இன்னும் ஒரு மக்கு ஊற்றியிருக்கிறார். மீன்கள் பிழைத்துவிட்டன. பம்பு மட்டும் வெள்ளை பூத்து இறுகிக்கொண்டது. அவரை நான் குறை சொல்லவில்லை. ஐப்பசி அடைமழையில் கால்சியம் பாக்கெட்டுகள் ஈரம் ஏறி, சிலவற்றில் சீட்டு உரிந்துபோயிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி ஒருமுறை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கால்சியம் 400 முதல் 440 பிபிஎம், கேஎச் 8 அல்லது 9. 100 லிட்டர் தண்ணீரில் கால்சியத்தை 20 ஏற்ற, நம் பொடி 7 கிராமுக்குக் கொஞ்சம் மேல் போதும். ஒரு நாளைக்கு அதற்கு மேல் ஏற்றாதீர்கள். சோடாவைத் தனியாகக் கரைத்து, சில மணி நேரம் கழித்து, பம்பு ஓட்டம் இருக்கும் இடத்தில் விடுங்கள்.

பூம்புகாரிலிருந்தும் தரங்கம்பாடியிலிருந்தும் கேனில் கடல்தண்ணீர் பிடித்து வருபவர்களுக்கு: மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் கலந்து உப்பு இறங்கிவிடும். கிலோ தண்ணீருக்கு 35 கிராம் இருக்கவேண்டிய உப்பு 28 ஆனால், 410 இருக்கவேண்டிய கால்சியமும் 330-க்கு வந்துவிடும். அதற்குப் பொடி போட்டுப் பயனில்லை, உப்பைச் சரிசெய்யுங்கள்.

உண்மையில் உங்களில் பாதிப் பேருக்குப் பொடியே வேண்டாம் என்று நானேதான் சொல்லியிருக்கிறேன். கால்சியத்தை வாரித் தின்பது கல் பவளம். அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, அதை நான் விற்பதும் இல்லை, தயவுசெய்து கேட்கவும் வேண்டாம். பாறையில் படரும் ஊதாப் பாசியும் நாலு நத்தையும் எவ்வளவு தின்றுவிடும்? நல்ல உப்பில் கலந்த தண்ணீரை வாரம் பத்தில் ஒரு பங்கு மாற்றினாலே பெரும்பாலும் போதும். ஏமாற்றுகிற கடைக்காரன் இப்படியா சொல்வான்?

அந்தப் படம் வந்த அன்றே மன்னார்குடியிலிருந்து ஒரு சார் போன் செய்து, “நாங்க நம்பலை, நீங்க கவலைப்படாதீங்க” என்றார். மயிலாடுதுறையிலிருந்து பஸ் ஏறி வந்து, வழக்கம்போல உப்பு வாங்கிப்போனவர் அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. இவர்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. முதல் தொட்டியை என்னிடம் வாங்கி, இன்று என்னைவிட நன்றாக வைத்திருப்பவர்கள் நீங்கள்.

வெள்ளை பூத்த பம்பு, ஹீட்டர் எதுவாக இருந்தாலும் கொண்டுவாருங்கள். ஒரு ராத்திரி வினிகரில் ஊறவைத்துத் தேய்த்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வண்ணமீன் கடைக்காரன்,
கும்பகோணம்

பி.கு.: தண்ணீர் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்த தம்பி சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டான். ஆகவே பரிசோதனை இனி சனிக்கிழமை மாலை மட்டும். ஒரு தொட்டிக்கு 60 ரூபாய்.